விதியல்ல, விற்பனை!

ஓர் ஊர் தேய்கிறது. 1950-ம் ஆண்டுக் குடிக்கணக்கில் அங்கே 86,353 பேர். 1970-ல் 74,315 பேர். 1990-ல் 54,844 பேர். 2020-ல் 46,842 பேர்! எழுபதே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி ஊர் கரைந்து போயிற்று. எதிரியின் குண்டு விழவில்லை, பூமி பிளக்கவில்லை, ஆறு திசைமாறிப் போய்விடவில்லை. ஆலை மூடிற்று, வேலை போயிற்று, ஆள் போனான் — அவ்வளவே!

அமெரிக்க நாட்டின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒகையோ ஆற்றங்கரையில், மூன்று மாநிலங்களின் எல்லை கூடுமிடத்தை ஒட்டி இருக்கும் ஹண்டிங்டன் நகரின் கணக்கு இது. கோலிஸ் ஹண்டிங்டன் என்ற இரயில்பாதை முதலாளி, தமது பாதையின் மேற்கு முனையாக 1871-ல் அமைத்துத் தமது பெயரையே சூட்டிய ஊர். மலை தந்த நிலக்கரியை இரயிலிலும் ஆற்றிலும் ஏற்றி அனுப்பிய ஊர். இரயில் பெட்டி செய்தார்கள், கண்ணாடி வார்த்தார்கள், நிக்கல் கலந்த உலோகம் உருக்கினார்கள். சங்கு ஊதினால் ஊர் விழிக்கும். சம்பள நாளிலே கடைவீதி சிரிக்கும். அந்த ஊர்தான், 2016, 2017-ம் ஆண்டுகளில், அளவுக்கு மீறிய போதை மருந்தால் ஆட்கள் சாய்ந்து விழும் ஊர்களுக்குத் தலைநகரம் என்று அந்நாட்டு ஏடுகளாலேயே பெயர் சூட்டப்பட்டது.

ஏழு கடலுக்கு அப்பால் இருக்கும் ஊரின் கதை நமக்கேன் என்று கேட்கலாம். போதைக்கு ஆட்பட்டவனைக் கண்டதும் உலகம் முழுவதும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள் — "அவன் விதி! அவன் வினை! அவன் கொழுப்பு!" இந்தப் பாட்டு உண்மையா, புரட்டா என்று உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் தேவை. ஹண்டிங்டனைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது. அங்கே எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. குடிமக்கள் எத்தனை, மாத்திரை எத்தனை, வீழ்ந்தவர் எத்தனை, மீண்டவர் எத்தனை என்ற கணக்குகள் ஆவணங்களாக, நீதிமன்றச் சான்றுகளாகக் கிடக்கின்றன.

முதலில் குடிக்கணக்கைப் பார்ப்போம். தலையை எண்ணும் கணக்கு, போனவர் யார், தங்கியவர் யார் என்று சொல்வதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும். போனவர்கள், கையில் பட்டமும் காலில் வலுவும் உள்ள இளைஞர்கள். தங்கியவர்கள், வீட்டை விற்க முடியாதவர்கள். முதுமையடைந்த தாய் தந்தையரை விட முடியாதவர்கள். சுரங்கத்திலும் பட்டறையிலும் இருபதாண்டு, முப்பதாண்டு உழைத்து முதுகெலும்பு தேய்ந்தவர்கள். வறுமை, நாட்டின் சராசரியைவிட மிகுதி. வேலை இல்லை, வலி இருக்கிறது. வருமானம் இல்லை, வருத்தம் இருக்கிறது. இப்படி ஒரு மக்கள்கூட்டம் இருப்பதை அரசாங்கம் கவனிக்கவில்லை. ஆனால் கவனித்தவர்கள் உண்டு. மருந்து வணிகர் கவனித்தனர்!

1996-ம் ஆண்டு பர்டூ என்ற மருந்துக் கம்பெனி ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அபினின் இனத்தைச் சேர்ந்த மருந்து. உடலில் மெல்லமெல்லக் கரைவதால் இதற்கு அடிமையாகும் ஆபத்து குறைவு என்று விற்பனையாளர்கள் மருத்துவர்களிடம் சொன்னார்கள். 1980-ல் ஒரு மருத்துவ ஏட்டில் வெளிவந்த, ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் — மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளைப் பற்றிய கடிதம் — ஆண்டுக்கணக்கில் வலி மருந்து உண்பவனுக்கும் ஆபத்தில்லை என்பதற்கு ஆதாரமாகப் பல மேடைகளில் காட்டப்பட்டது. ஐந்து வாக்கியம்! அதை அடித்தளமாக்கி ஒரு கோட்டையே கட்டினார்கள். மாத்திரையைப் பொடித்தால் மெல்லக் கரையும் ஏற்பாடு ஒரு நொடியில் குலையும் என்பதை மக்கள் கண்டுகொள்ள நெடுநாள் ஆகவில்லை. 2007-ல், அடிமையாக்கும் ஆபத்தை மறைத்து விற்ற குற்றத்தைக் கம்பெனியின் தரப்பு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. கட்டிவிட்டு விற்பனையைத் தொடர்ந்தது! 2020-ல் மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இனி, மாத்திரைக் கணக்கு. ஹண்டிங்டன் நகரும் அதைச் சுற்றியுள்ள கேபல் வட்டாரமும் சேர்ந்து ஒரு இலட்சம் மக்கள்கூட இல்லை. எட்டே ஆண்டுகளில் அங்கே வந்து இறங்கிய அபின் இன மாத்திரைகள் 8 கோடியே 10 இலட்சம்! தொட்டில் குழந்தை முதல் தொண்டு கிழவர் வரை ஒருவர் விடாமல் பங்கிட்டால், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு மாத்திரைக்கு மேல் வரும். அதே மாநிலத்தில் கெர்மிட் என்றொரு சிற்றூர். சுமார் 400 பேர் குடியிருக்கும் ஊர். அங்கிருந்த ஒரே ஒரு மருந்துக் கடைக்கு இரண்டு ஆண்டுகளில் வந்த மாத்திரைகள் ஏறத்தாழ 90 இலட்சம்! இந்தக் கணக்கை வெளிக்கொணர்ந்தவர் எரிக் அயர் என்ற பத்திரிகையாளர். சார்ல்ஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த மாநில ஏட்டில் எழுதினார். 2017-ல் புலிட்சர் பரிசு பெற்றார். ஓர் எழுதுகோல் கண்டதை, ஓர் அரசாங்கம் காணவில்லை.

நானூறு பேர் உள்ள ஊருக்கு நானூறு மூட்டை உப்பு வந்தால்கூட, "ஏனய்யா இவ்வளவு?" என்று வண்டிக்காரன் கேட்பான். நஞ்சு மூட்டை வந்தபோது கேட்பார் இல்லை! கேட்டால் என்ன பதில்? தயாரித்தவன் சொல்வான், "மருத்துவர் எழுதுகிறார், நான் செய்கிறேன்" என்று. மருத்துவர் சொல்வார், "ஆபத்தில்லை என்று கம்பெனிதானே சொன்னது" என்று. ஏற்றி அனுப்பியவன் சொல்வான், "உரிமம் உள்ள கடைக்குத்தானே அனுப்பினேன்" என்று. கடைக்காரன் சொல்வான், "சீட்டு கொண்டுவந்தார்கள், கொடுத்தேன்" என்று. எல்லார் கையிலும் சட்டம் இருக்கிறது. எவர் கையிலும் இரத்தம் இல்லை! கடைசியில் குற்றவாளி யார்? சீட்டைப் பிடித்துக்கொண்டு கடைசியாக நின்றானே, முதுகு ஒடிந்த தொழிலாளி — அவன்தான்!

ஹண்டிங்டன் நகரமும் கேபல் வட்டாரமும், மருந்தை ஏற்றி அனுப்பிய மூன்று பெரிய கம்பெனிகள் மீது வழக்குத் தொடர்ந்தன. 2021-ல் விசாரணை நடந்தது. அப்போது ஒரு சேதி அம்பலத்துக்கு வந்தது. அந்த மூன்றில் ஒன்றான அமெரிசோர்ஸ்பெர்கன் கம்பெனியின் மேலதிகாரிகள், மலைநாட்டு மக்களை மாத்திரைப் பித்தர் என்று கேலி செய்து, பழைய தொலைக்காட்சிப் பாட்டு மெட்டிலே கட்டிய வரிகளைத் தமக்குள் மின்னஞ்சலில் அனுப்பி மகிழ்ந்திருக்கிறார்கள்! ஊரிலே பிணம் விழுகிறது. மாளிகையிலே பாட்டு பிறக்கிறது. ஒரு மக்களை இழிந்தவர் என்று முதலில் நம்பவைத்துவிட்டால், பிறகு அவர்களுக்கு எதை விற்றாலும் மனச்சாட்சி உறுத்தாது. இழிவு சூட்டுவது வெறும் வசை அல்ல. அதுவே வாணிபத்தின் முதல் தவணை!

2022 ஜூலை 4-ம் நாள் — அந்நாட்டு விடுதலைத் திருநாள் — கம்பெனிகள் பொறுப்பல்ல என்று நீதிபதி தீர்ப்பளித்தார். நகரம் சோரவில்லை, மேல்முறையீடு செய்தது. 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. நீதி நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. மாத்திரையோ பறந்து வந்தது!

மாத்திரைக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஆட்பட்டவர்களுக்கு என்ன வழி என்று எவரும் சிந்திக்கவில்லை. குழாயை மூடினார்கள், தாகத்தை மறந்தார்கள். ஹெராயின் வந்தது. அதன் பின்னே, ஹெராயினைவிடப் பன்மடங்கு கடுமையான ஃபெண்டனில் வந்தது. 2016 ஆகஸ்ட் 15-ம் நாள் பிற்பகல், சில மணி நேரத்திற்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஹண்டிங்டன் வீதிகளிலும் வீடுகளிலும் மூச்சடைத்து வீழ்ந்தனர். ஃபெண்டனிலோடு, யானை போன்ற பெருவிலங்குகளை மயக்கப் பயன்படும் கார்ஃபெண்டனிலும் கலந்திருந்தது பின்னர் தெரிந்தது. தீயணைப்புப் படையினரும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் ஓடினார்கள். அபின் இன மருந்தின் பிடியைத் தளர்த்தி மூச்சைத் திருப்பித் தரும் நாலக்சோன் மருந்தைக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் பிழைத்தனர். பிழைத்த பின்? அவர்களைக் கைப்பிடித்துச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல அன்றைக்கு ஏற்பாடே இல்லை! கிணற்றில் விழுந்தவனைத் தூக்கி, அதே கிணற்றின் விளிம்பில் நிற்கவைத்துவிட்டு வந்த கதைதான்.

இங்கேதான், போதைக்கு அடிமையாவது என்றால் என்ன என்று தெளிய வேண்டும். மூளையிலே இன்பத்தையும் ஆர்வத்தையும் தூண்டும் டோபமின் என்ற சுரப்பு உண்டு. பசித்தவன் உண்ணும்போது, பிரிந்தவர் கூடும்போது அது அளவோடு சுரக்கும். அபின் இன மருந்து அதை வெள்ளமாகப் பெருக்குகிறது. நாளடைவில் மூளை அந்த வெள்ளத்துக்குப் பழகிவிடுகிறது. பழைய அளவு போதாமல் போகிறது. நிறுத்தினாலோ — வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பைக் குடையும் வலி, உறக்கமில்லா இரவுகள்! ஆரம்பத்தில் இன்பத்துக்காக அல்லது வலி தீர உண்டவன், பின்னர் நோயைத் தவிர்க்க உண்கிறான். "மனத்தை அடக்கு" என்று அவனுக்கு உபதேசிப்பது, காய்ச்சலில் நடுங்குகிறவனை "நடுங்காதே" என்று அதட்டுவதற்கு ஒப்பாகும்.

"அப்படியானால் மருந்தைத் தொட்டவர் எல்லாரும் அழிய வேண்டுமே?" என்று வாதிடுவோர் உண்டு. நல்ல கேள்வி. வியட்நாம் போர்க்களத்தில் ஹெராயின் மலிந்து கிடந்தது. அங்கிருந்து திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்களை லீ ராபின்ஸ் அம்மையார் 1971 முதல் ஆய்ந்தார். களத்திலே ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். ஆனால், அப்படி அடிமையானவர்களில், தாயகம் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவே! போர்க்களத்தை விட்டார்கள்; வீடு, வேலை, உறவு என்ற சூழலுக்கு வந்தார்கள்; பிடி தளர்ந்தது. போதை என்பது மருந்தும் மூளையும் மட்டும் சேர்ந்து ஆடும் ஆட்டமல்ல. மனிதன் வாழும் சூழலும் சேர்ந்து ஆடுகிறது. அந்த வீரர்களுக்குத் திரும்பிப்போக ஊர் இருந்தது. ஹண்டிங்டன்காரன் எங்கே திரும்பிப் போவான்? அவன் ஊரே அவனுக்குப் போர்க்களமாயிற்றே! குடிக்கணக்கையும் போதைக் கணக்கையும் ஒருசேரப் படிக்க வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

சிகிச்சை உண்டா? உண்டு! மெதடோன் என்ற மருந்தை வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் எனும் இரு மருத்துவர்கள் 1960-களிலேயே நியூயார்க்கில் கொடுத்து, ஆட்பட்டவர்கள் வேலைக்கும் வீட்டுக்கும் திரும்புவதைக் காட்டினார்கள். பூப்ரெனார்ஃபின் என்ற மருந்துக்கு 2002-ல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. இவை தவிப்பைத் தணிக்கும். மூளைக்கு நிலை தரும். முறையாக இவற்றை உட்கொள்வோரிடையே சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது பல நாடுகளின் அனுபவம்.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. நீரிழிவு கண்டவன் நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்கிறான். அவனை இன்சுலினுக்கு அடிமை என்று யாரேனும் ஏசியதுண்டா? மருந்தே கூடாது, பத்து நாள் அடைத்துவைத்துச் சுத்தப்படுத்தி அனுப்பு என்கிறார்கள். அதன் பலன் என்ன? உடல் தாங்கும் அளவு குறைந்துவிடுகிறது, ஆசையோ குறைவதில்லை. வெளியே வந்தவன் பழைய அளவை எடுக்கிறான். அந்த அளவே அவனுக்கு எமனாகிறது. தூய்மை என்ற பெயரால் சுடுகாட்டுக்கு வழி காட்டலாமா?

வேடிக்கையைக் கேளுங்கள். வலி மாத்திரையை எழுத, மருத்துவருக்கு வழக்கமான உரிமம் போதும். அதிலிருந்து மீட்கும் பூப்ரெனார்ஃபினை எழுத, தனிப் பயிற்சி, தனி அனுமதி, இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு! இருபதாண்டு நீடித்த இந்தக் கூத்து 2022-ம் ஆண்டின் இறுதியில்தான் ஒழிந்தது. நோய்க்கு அகலக் கதவு, மருந்துக்கு ஊசித் துளை!

ஹண்டிங்டன் ஊரார் கைகட்டி நிற்கவில்லை என்பதை நாம் போற்ற வேண்டும். 2014-ல், தாயின் கருவிலேயே மருந்துக்குப் பழகிப் பிறந்து துடிக்கும் பச்சிளங் குழந்தைகளைப் பேண லில்லீஸ் பிளேஸ் என்ற இல்லத்தைத் திறந்தனர். 2015-ல் மாநிலத்திலேயே முன்மாதிரியாகச் சுத்தமான ஊசி வழங்கும் நிலையத்தை நகரச் சுகாதாரத் துறை தொடங்கிற்று. மேயர் ஸ்டீவ் வில்லியம்ஸ், ஊரின் நோயை மூடி மறைக்காமல் வெளிப்படையாகப் பேசினார். தீயணைப்புப் படைக்கு ஜேன் ரேடர் அம்மையார் தலைமை தாங்கினார். வீழ்ந்தவரை வெறுக்காமல் எழுப்புவதே கடமை என்று தம் படையினரைப் பழக்கினார். 2017 இறுதியில் ஒரு விரைவுக் குழு அமைந்தது. மருத்துவ உதவியாளர், காவலர், மீட்சி ஆலோசகர் மூவரும் ஒன்றாக, வீழ்ந்து பிழைத்தவரின் வீட்டுக் கதவை 72 மணி நேரத்துக்குள் தட்டுவார்கள். விலங்கு மாட்ட அல்ல — "சிகிச்சைக்கு வருகிறீர்களா?" என்று கேட்க! காவலர் கதவைத் தட்டினால் நடுங்கும் வீடுகளில், அந்தக் கேள்வி எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2017-ல் அந்த வட்டாரத்தில் 1,800-க்கு மேற்பட்டிருந்த வீழ்ச்சிகள் 2018-ல் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. ஓராண்டிலே குறைந்தது விதி என்றால், அந்த விதியை எழுதும் எழுதுகோல் மனிதர் கையில் இருக்கிறது என்றுதானே பொருள்?

ஆனால் மாநில ஆட்சி என்ன செய்தது? புதிய மெதடோன் நிலையங்கள் கூடாது என்று 2007-ல் தடை போட்டது. பல்லாண்டுகள் அதைக் கட்டிக் காத்தது. 2018, 2019-ல் ஊசி வழியே கேபல் வட்டாரத்தில் எண்பதுக்கு மேற்பட்டோரை எச்.ஐ.வி. தொற்றிற்று. அதைக் கண்ட பிறகும், 2021-ல் ஊசி வழங்கும் நிலையங்களின் கையைக் கட்டும் சட்டத்தை நிறைவேற்றியது. வெள்ளம் வரும்போது அணையைப் பலப்படுத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அணையை அறுத்த ஆட்சியை அங்கேதான் காண்கிறோம்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இந்தத் தலையங்கம் பாதி உண்மையே பேசியதாகும். ஹண்டிங்டனில் பெரும்பான்மையினர் வெள்ளையர். கறுப்பின மக்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஊர் வீழ்ந்தபோது, "இது நோய், இரக்கம் காட்டுங்கள்" என்று அந்நாடு பேசக் கற்றது. மிக நன்று! ஆனால் 1980-களில் பெருநகரங்களின் கறுப்பர் குடியிருப்புகளில் கிராக் என்ற கொகெய்ன் கட்டி பரவியபோது பேசிய பேச்சு என்ன? சிறை! 1986-ல் இயற்றிய சட்டம், 5 கிராம் கட்டிக்கும் 500 கிராம் பொடிக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை விதித்தது. கட்டிக்காகச் சிறை சென்றோர் பெரும்பாலும் கறுப்பர். ஒன்றுக்கு நூறு என்ற அந்த அநீதி 2010-ல் ஒன்றுக்குப் பதினெட்டாகக் குறைந்தது, ஒழியவில்லை. மூளை வெள்ளையனுக்கு ஒன்று, கறுப்பனுக்கு வேறொன்றா? டோபமினுக்கு நிறம் உண்டா? நோய் ஒன்றானால் மருந்தும் ஒன்றாக வேண்டும். நிறம் பார்த்துச் சுரக்கும் இரக்கம் இரக்கமே அல்ல. அது தன்னினத்தார்மேல் கொண்ட பாசம், அவ்வளவே.

அமெரிக்கா முழுவதும் 2021-ல் மட்டும் அளவுமீறிய போதையால் மாண்டோர் 1,06,000-க்கு மேல். 2024-ல் அது சுமார் 80,000 ஆக இறங்கியிருக்கிறது. நாலக்சோன் 2023 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. சிகிச்சைக் கதவு சற்று அகலத் திறந்திருக்கிறது. இறக்கத்துக்குக் காரணங்கள் பல என்றாலும், அந்தக் காரணங்களிலே வசைமொழிக்கு இடமில்லை. எண்பதாயிரம் என்பது ஆறுதல் கொள்ளும் எண்ணும் அல்ல. ஹண்டிங்டனைப் போல ஒன்றரை ஊர் ஓராண்டில் காலியாவதற்குச் சமம்.

எனவே, போதைக்கு ஆட்பட்டவனைக் காணும்போது கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. இவனுக்கு இருந்த வேலை என்னவாயிற்று? இவனுக்கு இதை விற்றவன் எவன்? இவனுக்குக் கிடைக்கவேண்டிய மருந்தைத் தடுப்பவன் எவன்? இந்த மூன்றையும் கேட்டு, விடை கண்டு, அதற்கேற்பச் சட்டம் செய்யும் ஆட்சியே மக்களாட்சி. கேட்க மறுத்து, வீழ்ந்தவன் நெற்றியைத் தடவி அங்கே விதியின் எழுத்தைத் தேடுவோர்க்கு ஒன்று சொல்வோம்: அங்கே எழுத்து ஏதுமில்லை. எழுத்து இருப்பது கம்பெனியின் கணக்கேட்டில் — மாத்திரை இத்தனை, விலை இத்தனை, ஆதாயம் இத்தனை என்று!